கஞ்சியக்கா கடை வாசலில் பூக்குவியல்

முழங்கால் உயரத்துக்குப் பூ. அதுவும் எங்கே? சலவைக் கடையின் ஷட்டருக்கு முன்னால், பூட்டு இருக்கிற இடமாகப் பார்த்து.

கஞ்சியக்கா சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கே பாவமாக இருந்திருக்கும். பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் அவள் கஞ்சி போட்டுக் கொடுத்த சட்டையை மாட்டியவன் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கவேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்போடுதான் திரும்பவேண்டும் என்று யாரோ ஒரு நாள் சொல்லப்போக, அன்றிலிருந்து தெருவுக்கே அவள் கஞ்சியக்காதான்.

பின்னாலேயே அவள் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கடையில் இஸ்திரி போடுவது அவள்தான். இஸ்திரிப் பெட்டியை விட நாக்கு கொஞ்சம் சூடு.

"ஏன் அண்ணி, இன்னிக்குக் கடையைத் திறக்கறோமா, இல்ல பூ வியாபாரத்துக்கு மாறிட்டோமா?"

"வாயை மூடு. ஆளுங்க அழுதுட்டு நிக்கிறாங்க."

"அழட்டும், யார் வேணாம்னது? நம்ம ஷட்டர்மேலதான் சாய்ஞ்சு அழணுமா?"

நாத்தனார் கேட்டதிலும் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் எதிர்ச்சாரியில் இருக்கிற பஸ் நிறுத்தத்துக்கு ஒருவன் கத்தியோடு வந்தான். எதற்கு வந்தான், யார்மேல் என்ன கோபம் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸுக்கு நின்றவர்களில் மூன்று பேர் செத்துப்போய்விட்டார்கள். இரண்டு நாள் தெருவையே மூடி வைத்திருந்தது போலீஸ். நேற்று ராத்திரிதான் திறந்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தை மட்டும் இன்னும் நாடா கட்டி மறித்து வைத்திருந்தார்கள். நேற்றுப் பகலில் போலீஸைக் கேட்டு உள்ளே வந்து செய்தி சொன்ன டிவிக்காரப் பெண் வெயில் தாங்காமல் கஞ்சியக்கா கடைச் சாய்ப்பின் நிழலில் ஒதுங்கி நின்று, "இதோ இந்த இடத்தில்தான்" என்று கையை எங்கேயோ நீட்டியிருக்கிறாள். பார்த்த ஜனங்களுக்கு இந்த இடம் என்றால் அவள் முதுகுக்குப் பின்னால் தெரிந்த சலவைக் கடை ஷட்டர்தான். விடிவதற்குள் பூ, மெழுகுவத்தி, துணி பொம்மை, அட்டை என்று வந்து குவிந்துவிட்டது.

கஞ்சியக்கா மெதுவாகக் கூட்டத்துக்குள் புகுந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க கண்ணுங்களா. இது என் கடை. பூட்டு கீழ இருக்கு, திறக்கணும்."

முழங்காலிட்டு அழுதுகொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு சிவந்து கிடந்தது. "இன்னிக்குமா கடை திறப்பீங்க?"

"நீ அவங்களுக்கு உறவாம்மா?"

"இல்லங்க. யாரையும் தெரியாது. டிவியில பாத்தேன். மனசு கேக்கல. ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

அவளை என்ன சொல்வது? பொய்யாக அழுகிறாள் என்றும் சொல்ல முடியாது, நிஜமான தண்ணீர்தான் வழிந்தது. கஞ்சியக்காவுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தக் கவலையை ஒருவர் வந்து தீர்த்துவைத்தார். முழுக்கைச் சட்டை, நெஞ்சில் 'நினைவேந்தல் குழு' என்று எழுதிய அட்டை, கையில் ஒரு மைக். குழு பிறந்து ஒன்றரை நாள் ஆகிறது. அவர் அதற்குத் தலைவர்.

"அம்மா, எதையும் தொடாதீங்க. பத்து மணிக்கு கேமரா வருது. பத்தரைக்கு ஒரு நிமிஷ மௌனம். மேலேர்ந்து பாத்தா இது இதய வடிவத்துல இருக்கும். ராத்திரி பூரா உக்காந்து அடுக்கினோம்."

"சந்தோஷம் தம்பி. பூட்டு எங்க இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். "இதயத்தோட முனையில."

"அந்த முனையைக் கொஞ்சம்..."

"முனை போச்சுன்னா அது இதயமே இல்லம்மா! வெறும் உருண்டை!"

"உருண்டையா இருந்தா செத்தவங்க கோவிச்சுப்பாங்களா சார்?" என்றாள் நாத்தனார்.

"மக்களோட உணர்ச்சிம்மா இது. அதோட விளையாடாதீங்க."

கஞ்சியக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். சரி, போகட்டும், ஒரு நாள்தானே, வீட்டுக்குப் போய் வெங்காயமாவது உரிக்கலாம் என்று திரும்பியும் விட்டாள். அப்போதுதான் வரிசையின் கடைசியில் நின்றிருந்த ஓர் ஆள் அவளை நோக்கி வந்தான். வாட்டசாட்டமான உடம்பு, காக்கிச் சட்டை. கையில் ஏற்றாத மெழுகுவத்தி ஒன்று. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பென்சில் மாதிரி பிடித்திருந்தான்.

"சலவைக் கடை அக்கா நீங்கதானே? எட்டு மணிலேர்ந்து நிக்கிறேன். கடை எப்ப திறக்கும்னு கேட்டேன். ஒருத்தர் இதைக் கையில குடுத்து வரிசையில நிக்கச் சொல்லிட்டாரு."

"என்ன வேணும் தம்பி?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்கக்கா திங்கக்கிழமை உங்ககிட்ட ஒரு உடுப்பு குடுத்திருந்தாங்களாம். வெளிர்மஞ்சள். தபாலாபீஸ்ல வேலை."

கஞ்சியக்கா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"டமாலோட தம்பியா நீ?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது அவள் வைத்த பட்டப்பெயர். தபால் நிலையத்தில் அந்தப் பெண் கடிதத்தில் முத்திரை குத்துகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். மேசைமேல் இருக்கிற கோபமா, கடிதம் போட்டவன்மேல் இருக்கிற கோபமா என்று தெரியாது. வாரா வாரம் திங்கட்கிழமை கடைக்கு வருவாள், வாரா வாரம் சண்டை. 'இந்த மடிப்பு கோணல்', 'போன தடவை பொத்தான்ல நூல் தளர்ந்துடுச்சு', 'உன் கஞ்சியில என் கழுத்து அறுந்துடும் அக்கா'. கடைசித் திங்கட்கிழமையும் சண்டைதான். வெளிர்மஞ்சள் உடுப்பின் வலது கை மணிக்கட்டில் முத்திரை மை ஊதாவாக அப்பியிருந்தது. 'மையில புழங்கறவ யாராவது இந்த நிறத்தைப் போடுவாளாடி?' என்று இவள் கேட்க, 'எங்கம்மா கையால தைச்சது, பெட்டியில வெச்சுப் பூஜையா பண்ணுவாங்க? மையை எடுக்கறது உன் வேலை, எடு' என்று அவள் சொல்லிவிட்டு விருட்டென்று கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். ரோட்டைக் கடந்தாள். பத்து நிமிஷம் கழித்துத்தான் கூச்சல் கேட்டது.

தம்பிக்காரன் பட்டப்பெயரைக் கேட்டுக் கோபப்படவில்லை. "ஆபீஸ்லயும் அப்படித்தான் சொல்வாங்களாம்," என்றான். "அக்கா, இன்னிக்கு அடக்கம். பதினொரு மணிக்குள்ள உடுப்பு வந்தா போட்டுவிடுவோம், இல்லேன்னா வெள்ளைத் துணியில சுத்திப் பெட்டியை மூடிடுவோம்னு பிணவறையில சொல்லிட்டாங்க. மூடினா மறுபடி திறக்க மாட்டாங்களாம். அம்மா பன்னண்டு மணிக்கு வர்றாங்க. தான் தைச்ச உடுப்புலதான் பாக்கணும்கறாங்க. வேற ஒண்ணுமே கேக்கல. மூணு நாளா இது ஒண்ணுதான் சொல்லிட்டிருக்காங்க."

மணி ஒன்பது பத்து.

"அட, இதை முதல்லயே சொல்ல மாட்டியா? அந்த மைக்காரன்கிட்ட நான் ஒரு வார்த்தை..."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். லாரி ஓட்டுகிற கை, இரும்பு மாதிரி. "வேணாம்க்கா. நேத்து எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுபோய் நாப்பது பேர் வந்துட்டாங்க. அம்மாவைக் கட்டிப் பிடிச்சு அழுது, போட்டோ எடுத்து, அவங்களுக்கு மூச்சே முட்டிடுச்சு. உடுப்பு அக்காவோடதுன்னு தெரிஞ்சா இவங்க அதைச் சும்மா விடுவாங்களா? அம்மாவுக்கு அது மட்டுமாவது யார் கையும் படாம இருக்கட்டும்."

இப்போது பாருங்கள் சங்கடத்தை. சொன்னால் வழி கிடைக்கும், உடுப்பு கிடைக்காது. சொல்லாவிட்டால் வழியே இல்லை. கஞ்சியக்கா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்," என்றாள் கஞ்சியக்கா.

இரண்டு பேரும் குனிந்து பூவை அள்ளி ஓரமாக வைக்கத் தொடங்கினார்கள். எறியவில்லை, குழந்தையை எடுத்துத் தொட்டிலில் போடுகிற மாதிரிதான் வைத்தார்கள். அதற்கே கூட்டம் கொதித்துவிட்டது.

"யாரு இந்தப் பொம்பளைங்க?"

"வியாபாரம் முக்கியம் போல!"

"ஐயோ, ஈவு இரக்கமே கிடையாதா?"

தம்பிக்காரனும் குனிந்து ஓர் அட்டையை எடுத்தான். குழுத்தலைவர் பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "சார், நீங்க யாரு? உங்களுக்கு இங்க என்ன? வரிசையில போய் நில்லுங்க!"

அவன் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். 'எங்கள் தேவதையே, உன் புன்னகையை என்றும் மறவோம்' என்று மினுமினுப்பு மையில் எழுதியிருந்தது.

"அக்கா சிரிக்கவே மாட்டாங்களே," என்று கஞ்சியக்காவுக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தான்.

கஞ்சியக்கா நிமிர்ந்தாள். "தம்பி, மைக்கு! அந்த ஆளை விடு. உன் இதயத்தோட முனையை அந்தப் பக்கம் திருப்பிக்கோ. பத்து மணிக்குள்ள நாலு பேர் சேர்ந்தா முடியும். இல்ல, போலீஸைக் கூப்பிடு. என் கடை சாவி என் கையில இருக்கு, என்ன கேஸ் போடறாங்கன்னு பாக்கறேன்."

அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு இதயத்தைத் திருப்ப ஆரம்பித்தார். திருப்பும்போது அது மீன் மாதிரி ஆகிவிட்டது என்று நாத்தனார் பிறகு சொல்வாள்.

பூ போனால் மெழுகு. பூட்டைச் சுற்றி விடிய விடிய வத்தி ஏற்றியதில், உருகி வழிந்து, பூட்டும் கொண்டியும் தரையும் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தன. சாவித் துவாரம் இருந்த அடையாளமே தெரியவில்லை.

துணியில் மெழுகு பட்டால் கஞ்சியக்காவுக்கு வெகு சுலபம். மேலே காகிதத்தை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால் மெழுகைக் காகிதம் குடித்துவிடும். ஆனால் இஸ்திரிப் பெட்டி உள்ளே இருந்தது. உள்ளே போகவேண்டுமென்றால் மெழுகு போகவேண்டும். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் கதவைப் பாதி திறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! முடி காயவைக்கிற மிஷினைக் கொண்டாங்க. ஒயரை நீட்டி விடுங்க!"

"பூட்டுக்கா சீவி விடப்போற?"

"கிண்டல் அப்புறம். மிஷின் முதல்ல."

அவர் கொண்டுவந்தார். கஞ்சியக்கா தெருவில் சப்பணமிட்டு உட்கார்ந்து பூட்டுக்குச் சூடான காற்று ஊத, நாத்தனார் பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து ஒற்றினாள். மிஷின் போட்ட சத்தத்தில் மைக்கில் படித்துக்கொண்டிருந்த இரங்கல் கவிதை ஒருவருக்கும் கேட்கவில்லை. சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. ரெண்டு பஸ் மாறி வந்த பெண் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையில் இருந்த ஊசி ஒன்றை உருவி நீட்டினாள். "துவாரத்துக்குள்ள இருக்கறதைக் குத்தி எடுங்க," என்றாள். ஏன் என்று அவள் கேட்கவுமில்லை, இவர்கள் சொல்லவுமில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு ஷட்டர் ஏறியது.

உள்ளே மூன்று நாள் மூடிக் கிடந்த சோப்பு வாசனை. உடுப்பு திங்கட்கிழமை போட்ட இடத்திலேயே, மேசைமேல், கையை விரித்துக்கொண்டு கிடந்தது. கஞ்சியக்கா அதை ஒரு கணம்தான் பார்த்தாள். அதற்குமேல் பார்த்தால் வேலை ஓடாது.

ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள். முத்திரை மைக்கு அவசரம் ஆகாது. தேய்த்தால் பரவும். அடியில் பஞ்சு வைத்து, மேலே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி, ஊதா கீழே இறங்க இறங்கப் பஞ்சை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கடிகாரம் தலைக்கு மேல் டிக் டிக்கென்றது. வெளியே மைக் செருமியது. தம்பிக்காரன் கதவோரம் மெழுகுவத்தியோடு நின்றான்.

"அதைக் கீழ வைப்பா, இங்க ஸ்பிரிட் இருக்கு!" என்று கத்தினாள் நாத்தனார். பாவம், அவன் அதை ஏற்றவே இல்லை.

பன்னிரண்டு பஞ்சு ஆயிற்று. ஊதா போய், வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு நிழல் மிச்சம் நின்றது. இன்னும் அரை மணி இருந்தால் அதையும் எடுத்திருப்பாள்.

"போதும்க்கா. அம்மாவுக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது," என்றான் அவன்.

"உங்கம்மாவுக்குத் தெரியாது. உங்கக்காவுக்குத் தெரியும். பாத்திருந்தா இந்நேரம் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா," என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு பஞ்சு ஒற்றினாள். அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் வாயைத் திறக்காமல் இஸ்திரி போட்டாள். அவள் வாய் திறக்காமல் வேலை செய்து அன்றுதான் பார்த்தது. கஞ்சி வேண்டாம் என்று கஞ்சியக்காவே சொன்னாள்.

பிளாஸ்டிக் உறையை மாட்டும்போது மணி பத்து முப்பது. வெளியே தெருவே அடங்கிப்போயிற்று. மௌனம் ஆரம்பித்திருந்தது.

அவன் லாரி தெருமுனையில் நின்றது. இங்கிருந்து அங்கே வரைக்கும் தலைகள், குனிந்த தலைகள். மருத்துவமனைக்குக் கால் மணி ஓட்டம்.

"ஒரு நிமிஷம்தானே, முடியட்டும் அண்ணி," என்று கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"ஒரு நிமிஷம் முடிஞ்சா பேச்சு ஆரம்பிக்கும். பேச்சு ஆரம்பிச்சா எவனும் இடத்தை விட்டு அசைய மாட்டான். நட தம்பி."

உடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கஞ்சியக்கா கூட்டத்துக்குள் இறங்கினாள். பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அது சாதாரண நேரத்தில் சத்தமே போடாது. அன்றைக்கு அந்த அமைதியில் 'சரக் சரக்'கென்று ஊரைக் கூட்டியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'ஷ்ஷ்'. ஒரு பெரியவர் "மனுஷ ஜென்மமா நீ?" என்று பல்லைக் கடித்தார். ஓர் அம்மாள் தோளால் இடித்தாள். கேமரா பூவை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது. யாரோ ஒருத்தன் மௌனத்தை உடைத்து, "எவன் சட்டையையோ குடுக்கறதுக்கு இப்பவா போகணும், பேராசை புடிச்ச பொம்பளை!" என்று கத்தியே விட்டான்.

உதட்டு நுனி வரைக்கும் வந்துவிட்டது அவளுக்கு. 'யார் உடுப்பு தெரியுமாடா இது?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அத்தனை பேரும் காலில் விழுவார்கள். பின்னால் வந்த தம்பிக்காரனின் மூச்சு கேட்டது. கேள்வியை விழுங்கினாள். உடுப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தாள். நடந்தாள்.

பதினொன்றுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது பிணவறைக் கதவைத் தட்டினார்கள். ஓர் ஆள் எட்டிப் பார்த்தான். தூக்கமில்லாத கண், நல்ல முகம்.

"கொண்டாந்துட்டீங்களா? நல்லது. இங்க உடுத்திவிடற அம்மா இன்னிக்கு லீவு. வீட்டுப் பொம்பளைங்க யாராவது உள்ள வந்தா நல்லாருக்கும். இல்லேன்னா நானே போட்டுவிடறேன்."

தம்பிக்காரன் கஞ்சியக்காவைப் பார்த்தான்.

"என்னை ஏன்ப்பா பாக்கறே? நான் வீட்டு ஆளா? வாரத்துக்கு ஒரு தடவை அவகிட்ட வாங்கிக் கட்டிக்கறவ." சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

உள்ளே குளிர். அந்த ஆள் தலைமாட்டில் நின்று தூக்கிப் பிடித்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். கஞ்சியக்கா பார்க்கவேண்டியதைப் பார்த்தாள், அதைப் பற்றி எவரிடமும் சொன்னதில்லை. இடது கை சுலபமாக உள்ளே போயிற்று. வலது கை போகவில்லை.

"நீட்டேன்டி," என்றாள். "உயிரோட இருந்தப்பவும் வீம்பு, இப்பவும் வீம்பா? உங்கம்மா பன்னண்டு மணிக்கு வர்றா. நான் என்ன சும்மாவா ஒற்றி ஒற்றி எடுத்தேன்? கையைக் குடு."

விரல் விரலாகத் தளர்த்தி, தையல் பிரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். போயிற்று. ஒன்பது பொத்தான். ஒவ்வொன்றாகப் போட்டாள். ஐந்தாவது பொத்தானில் கண்ணை மறைத்தது. நின்று, முழங்கையால் துடைத்துக்கொண்டு, மறுபடி போட்டாள். துணியில் ஒரு சொட்டு விழவில்லை. சலவைக்காரிக்கு அந்தக் கவனம் போகாது.

வெளியே வந்தபோது அவன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"எப்படி இருக்காங்க அக்கா?"

"உடுப்பு கச்சிதமா இருக்கு. உங்கம்மா அளவெடுத்த கை நல்ல கை. போ, போய் அவங்களைக் கூட்டிட்டு வா. நின்னுட்டே இருக்காதே."

அவன் ஓடினான். அவள் நடைபாதையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் வலி அப்போதுதான் தெரிந்தது. போன் அடித்தது.

"அண்ணி," நாத்தனார் குரல் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது, "நீங்க நடந்து போனதைப் படம் எடுத்துப் போட்டுட்டாங்க. எல்லாரும் காறித் துப்பறாங்க. கடை கண்ணாடியில எவனோ 'வெக்கமில்லாதவள்'னு எழுதிட்டுப் போயிட்டான். அந்த மைக்குக்காரன் மன்னிப்பு கேளுங்கறான். ஒரே ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா? யாரோட உடுப்புன்னு?"

"வாயைத் திறந்தே, தெரியும்."

"அப்ப நான் என்னதான் சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடை. பாட்டில் மேசைமேல இருக்கு."

"நீங்க எப்ப வர்றீங்க? தெருவே நிறைஞ்சு கெடக்கு அண்ணி, மூச்சு விட இடமில்ல."

கஞ்சியக்கா மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள். நீளமான நடைபாதை, மறுகோடி வரைக்கும் காலி.

"அவங்கம்மா வரட்டும், வர்றேன். அது வரைக்கும் இங்க இவளுக்கு ஆள் இல்லை."